தொலைந்துபோன அண்ணன்

என் பெயரைக் கொஞ்சம் உரக்கக் கூப்பிட்டால் ஆந்திராவில் பாதி ஆண்கள் திரும்பிப் பார்ப்பார்கள். என் பெயர் ஹன்னா. தெலுங்கில் அண்ணனை 'அன்னா' என்று கூப்பிடுவார்கள். எங்கள் பக்கத்து நாக்குகளுக்கு 'ஹ' என்ற எழுத்தோடு பெரிய பழக்கம் கிடையாது. பள்ளியில் சேர்ந்த முதல் நாளே அந்த எழுத்து கழன்று விழுந்துவிட்டது. பாவாடை கட்டிக்கொண்டு, முன்பல் விழுந்த வாயோடு, நான் வகுப்பு முழுவதற்கும் அண்ணனாகிவிட்டேன். வருகைப் பதிவு எடுக்கும்போது டீச்சரே என் பெயரைச் சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார். வீட்டுக்கு வந்தாலும் நிம்மதி இல்லை. என் அத்தை நைனாவின், அதாவது அப்பாவின், தங்கை. அவரை "அண்ணா" என்றுதான் கூப்பிடுவாள். அவள் வாசலில் நின்று குரல் கொடுத்தால் நானும் நைனாவும் ஒரே நேரத்தில் "இன்னா?" என்போம்.

இந்தப் பெயரை எனக்கு வைத்தவளே அத்தைதான் என்பதால் யாரிடமும் புகார் சொல்லவும் வழியில்லை.

எங்கள் ஊர் தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, ஆந்திராவில் ராமகுப்பத்துக்குப் பக்கம்; வீட்டில் பேசுவது தமிழ். நைனா பிறந்த காலத்தில் எங்களுக்குச் சொந்தமாக ஒரு பிடி மண்கூட இல்லை. பிறகு கொஞ்சம் நிலம் வாங்கி, மல்பெரி போட்டு, வீட்டுக்குள் தட்டு தட்டாகப் பட்டுப்புழு வளர்த்துப் பிழைத்தோம். மாரியம்மனையும் மலைமேல் இருக்கும் பெருமாளையும் தவிர வேறு சாமியைக் கூப்பிட்டறியாத அந்த வீட்டுக்குள் ஒரு எபிரேயப் பெயர் நுழைந்த கதையை நான் இன்றும் ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

பலமனேரில் ஒரு ஆஸ்பத்திரியில் நான் பிறந்தேன். அம்மாவுக்குப் பிரசவம் கஷ்டமாகிவிட்டது. கூட இருந்தவள் அத்தை. அங்கே கேரளத்திலிருந்து வந்த ஒரு நர்ஸ் இருந்தார். கல்யாணமாகிப் பல வருடம் பிள்ளை இல்லாததால் அத்தை அந்த ஆஸ்பத்திரிக்கு ஏற்கெனவே நடையாய் நடந்தவள். அதனால் அந்த நர்ஸுக்கு அவளை நன்றாகத் தெரியும். அம்மா மயக்கத்தில் இருந்தபோது, துடைத்துச் சுற்றிய என்னைக் கொண்டுவந்து அவர் அத்தையின் கையில்தான் கொடுத்தாராம். வீட்டில் ஆண் பிள்ளைக்கு ஒரு பெயர் தயாராக இருந்தது. மூன்றாவதும் பெண் என்றதும் பெயரைப் பற்றி யாருக்கும் யோசனையே ஓடவில்லை. அத்தைதான் நர்ஸைக் கேட்டிருக்கிறாள்.

"உங்க பேரு நல்லா கீதே சிஸ்டர், இன்னா அர்த்தம்?"

அவர் பெயர் ஹன்னா. அது யூதர்களின் பழைய மொழியில் உள்ள பெயர் என்றும், தயவு என்று பொருள் என்றும் சொல்லியிருக்கிறார். நாம் உழைத்துச் சம்பாதிக்காமல், நமக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்க்காமல், மேலே இருப்பவன் சும்மா தரும் தயவு. அத்தைக்கு அது போதுமாக இருந்தது. ஆண் பிள்ளை எதிர்பார்த்த வீட்டில் கடைசியில் 'அண்ணா'வே வந்து பிறந்துவிட்டான் என்று மாமா, அதாவது அத்தையின் கணவர், ரொம்ப நாள் கிண்டல் செய்துகொண்டிருந்தார்.

எனக்கு ஏழு வயதான கோடையில் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். அவர்கள் அப்போது திருப்பதியில் குடியிருந்தார்கள். மாமாவுக்கு ஸ்ரீசிட்டியில் ஒரு கம்பெனியில் வேலை. விடியும் முன்பே கம்பெனி பஸ் வந்து அள்ளிக்கொண்டு போய்விடும், பொழுது சாய்ந்துதான் இறக்கிவிடும். அதுவரை அத்தை தனியாக இருப்பாள். புழுத் தட்டுகளுக்குப் பக்கத்தில் நான் படுத்திருந்தேன். தூங்கிவிட்டதாக நினைத்துப் பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். தூங்காத பிள்ளை பக்கத்தில் இருப்பது அந்தப் பேச்சுக்குத் தெரியாது.

"இப்பவே ஒண்ணும் முடிவா சொல்ல வாணாம் அண்ணா. லீவுல என்னோட இருக்கட்டும். மலைக்கு இட்டுக்கினு போயி மொட்டை போட்டுக்கினு வரேன். அதுக்குப் புடிச்சிருந்தா ஜூன்ல அங்கயே ஸ்கூல்ல சேத்துடறேன்" என்றாள் அத்தை. பிறகு அம்மா பக்கம் திரும்பி, "என்ன அம்மான்னு கூப்புடச் சொல்லி நான் கேக்கமாட்டேன் அண்ணி. அதுக்கா எப்பத் தோணுதோ அப்பக் கூப்புடட்டும்" என்றாள்.

நைனா சரி என்றார். அம்மா எழுந்துபோனாள். என் துணிகளை எடுத்து மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தாள். எனக்கு விளங்கியதெல்லாம் இங்கிலீஷ் மீடியம் ஸ்கூலும் டையும் ஷூவும்தான். அதில் எனக்கு எந்த ஆட்சேபணையும் இல்லை.

திருப்பதி வீடு எனக்குப் பிடித்துப்போயிற்று. இதை இங்கேயே அழுத்திச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் இதற்கு மாறாக ஒன்று சொல்லப்பட்டது. அந்த வீடு ரயில் பாதையை ஒட்டிய தெருவில், மாடியில் ஒற்றை அறை. ஆனால் தலைக்கு மேலே ஃபேன் சுற்றியது. புழுவுக்குச் சூடு போதாது, காற்று ஆகாது என்று யாரும் கதவைச் சாத்தவில்லை. அத்தை தட்டைப் போட்டு, "துன்னுடி, இன்னும் ஒண்ணே ஒண்ணு துன்னு" என்று தோசை தோசையாக வார்த்துத் தள்ளுவாள். சாயங்காலம் கடைத்தெருவுக்குப் போவோம். அவள் இரண்டு கையிலும் பை இருக்கும். அதனால், "என் சடையப் புடிச்சிக்க" என்பாள். அவளுக்கு இடுப்புக்குக் கீழே தொங்கும் சடை. அதன் நுனியைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு கூட்டத்திலும் நான் கவலையில்லாமல் வேடிக்கை பார்த்தபடி நடப்பேன். கீழ் வீட்டுப் பெண்மணி என்னைக் காட்டி, "உங்க பாப்பாவா?" என்று தெலுங்கில் கேட்டால், அத்தை ஆமாம் என்றும் சொல்லமாட்டாள், இல்லை என்றும் சொல்லமாட்டாள். சிரித்துக்கொண்டு என்னைப் பார்ப்பாள். நான் குச்சி ஐஸில் மும்முரமாக இருப்பேன்.

மாமாவுக்கு லீவு கிடைக்கவில்லை. ஒரு நாள் காலையில் அத்தையும் நானும் மட்டும் மலைக்குப் போனோம். மாமா எனக்கு ஒரு மஞ்சள் சட்டை வாங்கித் தந்திருந்தார். பையன்கள் போடும் சட்டை. "அன்னாவுக்கு அண்ணன் சொக்கா" என்று அவருக்கு ஒரே சிரிப்பு.

மொட்டை போடும் இடத்தில் முதலில் நான் உட்கார்ந்தேன். தண்ணீரைத் தலையில் தேய்த்ததும் அழுதேன், கத்தி பட்டதும் பயத்தில் அழுகை நின்றுவிட்டது. அடுத்து அத்தை உட்கார்ந்தாள். பெண்கள் பலரும் அங்கே நுனி முடியில் மூன்று கத்தரி மட்டும் வெட்டிக் கொடுத்துவிட்டு எழுந்துவிடுவார்கள். அத்தையும் அப்படித்தான் எழுந்துவிடுவாள் என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை சடையை அவிழ்த்துவிட்டு, "முழுசா எடுத்துடும்மா" என்றாள். மழிக்கும் அம்மாள் கையை நிறுத்திவிட்டார்.

"முழுசாவா? இவ்ளோ முடியவா? மூணு கத்திரி போதும்மா."

"சாமிகிட்ட பேசி வெச்சது முழுசா. எடுத்துடு."

முடி கற்றை கற்றையாக அவள் மடியில் விழுந்து தரைக்குச் சரிந்தது. எழுந்து நின்றபோது அவள் உயரமே குறைந்த மாதிரி இருந்தது. காது இரண்டும் தனியாகத் தெரிந்தன. "எப்டிடி கீறேன்?" என்றாள். "மாமா மாரி கீற" என்றேன். அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். குளித்து, இருவர் தலையிலும் சந்தனம் பூசி, எனக்கு மஞ்சள் சட்டையை மாட்டி, "என் பொடவையப் புடிச்சிக்கினே வரணும், இன்னா?" என்று முந்தானையை என் கையில் கொடுத்தாள்.

நானும் பிடித்துக்கொண்டுதான் வந்தேன். வெளியே எந்தப் பக்கம் திரும்பினாலும் மொட்டைத் தலை, சந்தனத் தலை. எங்கோ "கோவிந்தா" என்று ஒரு கூட்டம் குரல் எழுப்பியது. அதைப் பார்ப்பதற்காக நான் முந்தானையை விட்டிருக்க வேண்டும். கண்ணை எடுக்காமல் வேடிக்கை பார்த்துக்கொண்டே கையை மட்டும் நீட்டினேன். அந்தக் கை என்னைக் கேட்காமல் தனக்குப் பழகியதைத் தேடியது. ரிப்பன் வைத்த ஒரு தடித்த சடை அகப்பட்டது. அதைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாக நடந்தேன்.

ரொம்ப தூரம் போன பிறகு சடைக்குச் சொந்தக்காரி திரும்பிப் பார்த்தாள். யாரோ ஒருத்தி. அத்தைக்குத்தான் இனிமேல் சடையே கிடையாதே என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவர்கள் தெலுங்குக் குடும்பம், நல்ல மனிதர்கள். என்னை ஒரு மரத்தடியில் உட்காரவைத்துப் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துக் கொடுத்தார்கள். பெயர் என்ன என்று கேட்டாள் சடைக்காரி. நான் விம்மிக்கொண்டே "ஹன்னா" என்றேன். அவள் "ஐயோ பாவம்" என்று கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, இந்தப் பையன் தன் அண்ணனைத் தேடி அழுகிறான் என்று கணவனிடம் தெலுங்கில் சொன்னாள். பையனும் தப்பு, அண்ணனும் தப்பு. ஆனால் என் வாயில் புளியோதரை இருந்தது.

அதே நேரம் அத்தை அந்த இடத்தையே புரட்டிக்கொண்டிருந்தாள். "ஹன்னா! ஹன்னா!" என்று அவள் கத்தக் கத்த, டிரைவர்கள், டீக்காரர்கள், லட்டுப் பையோடு போனவர்கள் என்று எல்லா ஆண்களும் நின்று, "ஏமம்மா?" என்று கேட்டிருக்கிறார்கள். டிராவல்ஸ் பஸ்ஸில் ஒரு கூட்டத்தை அழைத்துவந்த வழிகாட்டி ஒருவர் கையில் மைக்கோடு நின்றிருந்தார். அத்தை அவரிடம் ஓடினாள். அத்தைக்குத் தெலுங்கு நன்றாகவே வரும். ஆனால் பயத்தில் எல்லாத் தெலுங்கும் மறந்துபோய், "ஹன்னாவக் காணோம், மொட்டை, மஞ்ச சொக்கா" என்று மட்டும் தமிழில் அழுதாள். பாவம், அவர் இரக்கப்பட்டு உடனே மைக்கைத் தூக்கினார்.

மரத்தடியில் இருந்த எனக்கும் அது நன்றாகக் கேட்டது. ஒரு அம்மாவின் 'அன்ன' தொலைந்துவிட்டார், குண்டு, மஞ்சள் சொக்கா, கண்டவர்கள் இங்கே அழைத்து வாருங்கள் என்று தெலுங்கில் சொன்னார். தெலுங்கில் மொட்டைத் தலைக்குக் 'குண்டு' என்று பெயர். சுற்றிலும் இருந்த தமிழ் ஜனங்களுக்கு அது தெரியுமா? அவர்கள் பருமனான அண்ணன் ஒருவரைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். சடைக்காரி, "இன்றைக்கு எல்லாருடைய அண்ணனும் தொலைந்துபோகிறார்களே" என்று அலுத்துக்கொண்டாள். எனக்கும் அந்த அம்மாவை நினைத்துப் பாவமாக இருந்தது. மஞ்சள் சட்டையில் சிந்திய சோற்றைத் தட்டிவிட்டுவிட்டு, நானும் எழுந்து நின்று குண்டான அண்ணன் யாராவது தெரிகிறாரா என்று பார்த்தேன்.

ஒருவர் அகப்பட்டும்விட்டார். வாழைப்பழம் தின்றுகொண்டிருந்த ஒரு பருத்த மனிதர், மஞ்சள் சட்டை. நான்கு பேர் அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்கள். "யோவ், எனக்குத் தங்கச்சியே கெடையாதுய்யா" என்று அவர் கத்திக்கொண்டே போனார். அவரைக் கொண்டுபோய் அத்தை முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள். மைக் இன்னும் அணைக்கப்படவில்லை. அதனால் அடுத்து அவள் அலறியது அந்த இடம் முழுக்கக் கேட்டது.

"அண்ணன் இல்லிங்க! பொண்ணு! என் பொண்ணு! அவ பேரு ஹன்னா!"

அத்தையின் குரல். நான் சோற்றுக் கையோடு ஓடினேன். சடைக்காரி என் பின்னால் ஓடிவந்தாள். ஓடும்போது எனக்குள் ஒரு சின்ன ஆச்சரியம் இருந்தது. அத்தைக்கு ஒரு பொண்ணு இருப்பதாக அதுவரை யாரும் எனக்குச் சொன்னதில்லை.

கூட்டம் விலகி எனக்கு வழி விட்டது. மொட்டைத் தலையோடு, சந்தனம் கண்ணீரில் கரைந்து கன்னத்தில் வழிய ஒரு பெண் நின்றிருந்தாள். ஒரு நொடி எனக்கு அடையாளமே தெரியவில்லை. அவள் மண்டியிட்டு என்னை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.  சுற்றி நின்றவர்கள் எல்லாம் கைதட்டினார்கள். அந்தப் பருத்த மனிதர்கூட வாழைப்பழத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டினார். எல்லோரும் தட்டுகிறார்களே என்று, அத்தையின் தோளுக்கு மேலே கையைத் தூக்கி நானும் தட்டினேன்.

மைக்காரர் பொறுப்பான மனிதர். பிள்ளையை உரியவரிடம்தான் விடுகிறோமா என்று உறுதி செய்துகொள்ள, குனிந்து என்னிடம் உடைந்த தமிழில் கேட்டார்.

"பாப்பா, இவங்கதான உன் அம்மா?"

அன்று காலையிலிருந்து உறவுமுறை விஷயத்தில் பெரியவர்கள் எல்லோரும் தப்புத் தப்பாகவே பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவராவது சரியாகச் சொல்ல வேண்டாமா? நான் நிமிர்ந்து நின்று, கணீரென்று சொன்னேன்.

"அம்மா இல்ல. அத்தை."

என்னைச் சுற்றியிருந்த கைகள் தளர்ந்தன. மைக்காரர் முகம் மாறியது. "நீங்க என் பொண்ணுன்னு சொன்னீங்களே அம்மா?" என்று அத்தையைக் கேட்டார். அத்தை எழுந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். துடைத்து முடிக்க ரொம்ப நேரம் ஆயிற்று. பிறகு சொன்னாள்.

"என் பொண்ணு இல்லிங்க. எங்க அண்ணன் பொண்ணு."

"சூடு, பாருங்க! கடைசில அன்னய்யா ஒருத்தர் இருக்காருல்ல!" என்று மைக்காரர் நெற்றியில் தட்டிக்கொண்டு சிரித்தார். கூட்டமும் சிரித்தது. பதில் சரியாகச் சொன்னதற்காக அவர் என் சந்தன மொட்டையில் ஒரு தட்டு தட்டினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகு தரிசன வரிசைக்குப் போனோம். வழியெல்லாம் அத்தை என் மணிக்கட்டை விடவே இல்லை. சந்நிதியில் "ஜரகண்டி, ஜரகண்டி" என்று எல்லோரையும் நகர்த்திக்கொண்டிருந்தார்கள். அத்தை நின்றாள். அவள் உதடுகள் அசைந்தன, சத்தம் வரவில்லை. யாரோ தோளைத் தொட்டு நகர்த்திய பிறகும் அசைந்துகொண்டே இருந்தன. வெளியே வந்ததும், "இன்னா வேண்டிக்கினே அத்த?" என்றேன்.

"ஒண்ணும் வேண்டிக்கல. குடுத்துட்டு வந்துட்டேன்."

"முடியா?"

"ம்" என்றாள்.

பல வருடங்கள் கழித்துக் கல்லூரி விடுதியில், என் அறையில் இருந்த வேலூர்ப் பெண்தான் பைபிளிலிருந்து என் பெயரின் மிச்சக் கதையைச் சொன்னாள். தயவு என்ற பொருள் சரிதான், ஆனால் அந்தப் பெயருக்கு முதல் சொந்தக்காரி குழந்தை அல்ல, குழந்தை இல்லாமல் அழுத ஒரு பெண் என்றாள். அவள் ஒவ்வொரு வருடமும் கோயிலுக்குப் போய் உதடு மட்டும் அசைய, சத்தமில்லாமல் வேண்டுவாளாம். குடித்துவிட்டு உளறுகிறாள் என்று பூசாரி அவளைத் திட்டினாராம். கடைசியில் ஒரு பிள்ளை கிடைத்ததாம். அதைப் பால் மறக்கும்வரை வளர்த்து, சொன்ன சொல் தவறாமல் கொண்டுபோய் அந்தக் கோயிலிலேயே கொடுத்துவிட்டு வந்தாளாம். அந்த நர்ஸ் இந்தக் கதையையும் அத்தையிடம் சொல்லாமல் இருந்திருக்கமாட்டார். அத்தை எங்களுக்குப் பொருளை மட்டும் சொல்லிவிட்டுக் கதையைத் தனக்கென்று வைத்துக்கொண்டாள். அதைக் கேட்ட அன்று எனக்கு அத்தையை உடனே பார்க்க வேண்டும்போல் இருந்தது. அழுகை அழுகையாக வந்தது.

அத்தைக்கு அதன் பிறகும் பிள்ளை பிறக்கவில்லை. நான் இப்போது ஸ்ரீசிட்டியில் வேலை செய்கிறேன். லீவு கிடைத்தால் அவள் வீட்டுக்குத்தான் ஓடுகிறேன். தட்டைப் போட்டு இன்னும் ஒன்று துன்னு என்கிறாள். அந்த ஒரு சொல் எனக்கு நாக்கு நுனிவரை வருகிறது. வளர்ந்த பிறகு கூப்பிட்டால் அவளுக்காகச் சொல்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்துபோகும். 'அதுக்காத் தோணி'க் கூப்பிடும் வயது எப்போதோ போய்விட்டது. அந்த ஏக்கம் எனக்கு ஆறவே இல்லை.

அந்தக் கோடையில், மலையிலிருந்து இறங்கிய மறுநாளே அத்தை என்னை ஊருக்கு அழைத்துவந்துவிட்டாள். லீவு இன்னும் நிறைய இருந்தது. அம்மா வாசலுக்கு ஓடிவந்தாள்.

"ராத்திரியானா உன்ன நெனச்சிக்கினு அயுவுது அண்ணி. அங்க அதால இருக்க முடியாது. உங்கிட்டயே இருக்கட்டும்" என்றாள் அத்தை.

நான் ஒரு ராத்திரிகூட அழுததில்லை. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் அம்மா என்னை வாரி எடுத்து, மூச்சுவிட முடியாதபடி இறுக்கிக்கொண்டிருந்தாள். அவள் அத்தனை அழுவாள் என்று நான் நினைக்கவே இல்லை. நான் ஒருவழியாகத் தலையைத் திருப்பிப் பார்த்தபோது அத்தை வெறும் தலையில் முக்காடு போட்டுக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பியிருந்தாள். காபிகூடக் குடிக்கவில்லை.

ஜூனில் பள்ளி திறந்தது. அதே பள்ளி, அதே டீச்சர், அதே அன்னா. நான் இங்கே கொஞ்ச நாள்தான் இருப்பேன், அத்தை வந்து திருப்பதி ஸ்கூலுக்கு இட்டுக்கினு போயிடுவா என்று எல்லோரிடமும் சொல்லிவைத்தேன். புதுப் புத்தகங்களுக்கு அட்டை போடவும் விடவில்லை. பஸ் சத்தம் கேட்டால் ரோட்டுக்கு ஓடுவேன். நான் காணாமல் போனதில் அத்தைக்குக் கோபம் என்று எனக்கு நானே முடிவு செய்துகொண்டேன். வந்ததும், இனிமேல் கையை விடமாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுக்க வேண்டும் என்று தயாராக வைத்திருந்தேன். மலைமேல் அத்தனை பேர் நடுவில் கேட்கப்பட்டது எந்தக் கேள்வி என்றும், அதற்கு நான் எவ்வளவு தெளிவாகப் பதில் சொல்லிவிட்டேன் என்றும் அப்போது எனக்குத் தெரியாது.